வேதாளரா, மாயாவியா? சண்டை வேண்டாம், ரெண்டும் ஒரே ஆளுதான்!

போன இதழ்ல ஒரு வாசகர், "முகமூடி போட்ட காமிக்ஸ் ஹீரோன்னா பேட்மேன்தானே முதல்ல?"னு கேட்டிருந்தாரு. "இல்லைங்க, பேட்மேன் வந்தது 1939ல, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே நம்ம வேதாளர் குதிரை ஏறிட்டாரு"ன்னு ரெண்டே வரியில சொல்லிட்டு அடுத்து ஒருத்தர் கேட்டிருந்த முடி கொட்டுற பிரச்சினைக்குப் போயிட்டேன். முடியைப் பத்தி ஒரு லெட்டர்கூட வரல. வேதாளர் பத்தி வந்தது ஒரு மஞ்சப்பை நிறைய. அதனால இந்த வாரம் முழுக்க அவர்தான், வேற கேள்வி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

கேள்வி: நீங்க வேதாளர்னு எழுதுறீங்க. நான் ராணி காமிக்ஸ்ல படிச்சப்ப அவர் பேரு மாயாவி. மாயாவின்னா இரும்புக்கை வச்சிருக்கவர்தான்னு எங்க அண்ணன் சண்டைக்கு வர்றான். யாரு சொல்றது சரி? (கோவில்பட்டி வாசகர்)

மூணு பேர் சொல்றதும் சரிதான், அண்ணன் தம்பி அடிச்சுக்காதீங்க. இது தமிழ்நாட்டுல மட்டும் உள்ள குழப்பம், கதையைக் கேளுங்க. 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப போட்ட முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. அது இங்கிலாந்துச் சரக்கு, 'வேலியண்ட்'னு ஒரு வாரப் பத்திரிகையில 1962ல இருந்து வந்தது. லேப்ல வேலை பார்க்கிற ஒருத்தருக்கு ஒரு கை போயி இரும்புக்கை மாட்டியிருப்பாங்க, கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மொத்தமும் மறைஞ்சு அந்தக் கை மட்டும் அந்தரத்துல நடமாடும். (இதைப் படிச்சிட்டு எங்க தெருவுல ஒருத்தன் பிளக் பாயிண்ட்ல கம்பியை விடப்போயி அவங்கம்மா விளக்குமாத்தால அடிச்சது தனிக்கதை. அடி வாங்கினப்ப அவன் மறையல, எல்லாரும் பார்த்தோம்.)

நான் சொல்ற ஆளு வேற. அமெரிக்காவுல 'ஃபேன்டம்'னு பேரு. மண்டையோட்டுக் குகை, வெள்ளைக் குதிரை, ஓநாய், உடம்போட ஒட்டின டிரெஸ்ஸு. அவரை முத்து காமிக்ஸ்ல 'வேதாளர்'னு போட்டாங்க. பின்னாடி தினத்தந்தி குழுமத்தோட ராணி காமிக்ஸ்ல அதே ஆளை 'மாயாவி'ன்னு போட்டாங்க. அதனால எழுபதுகள்ல படிச்சவருக்கு மாயாவின்னா இரும்புக்கை, தொண்ணூறுகள்ல படிச்சவருக்கு மாயாவின்னா முகமூடி. உங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் எத்தனை வயசு வித்தியாசம்னு நான் இங்க இருந்தே சொல்லிருவேன்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? இந்தியில அவர் பேரு வெறும் 'வேதாள்'. நம்மாளுங்க மட்டும்தான் கடைசியில ஒரு 'ர்' போட்டு மரியாதை கொடுத்திருக்கோம். முருங்கை மரத்து வேதாளத்துக்குக்கூட கிடைக்காத மரியாதை. வங்காளத்துல இன்னும் ஒரு படி மேல போய் 'அரண்யதேவ்'னு, காட்டுக்குத் தெய்வமாவே ஆக்கிட்டாங்க. பின்லாந்துல 'கறுப்பு முகமூடி', துருக்கியில 'சிவப்பு முகமூடி', இத்தாலியில 'முகமூடி மனிதன்'. ஊருக்கு ஒரு பேரு வச்சு கூப்பிட்டிருக்காங்க, எல்லாத்துக்கும் திரும்பிப் பார்த்திருக்காரு மனுஷன்.

கேள்வி: இவரை உருவாக்கினது யாரு? நிஜமாவே காட்டுல சுத்தினவரா அவர்? (காரைக்குடி வாசகி)

காட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்திகூட கிடையாதும்மா. பேரு லீ ஃபாக். 1911ல செயின்ட் லூயிஸ் நகரத்துல பொறந்தவரு, நாடகப் பைத்தியம், கடைசி வரைக்கும் நாடகம் எழுதுறது, போடுறதுன்னுதான் இருந்தாரு. 1934ல 'மாண்ட்ரேக்' மந்திரவாதியை எழுத ஆரம்பிச்சு அது நல்லா ஓடுச்சு, உடனே பேப்பர்களுக்குக் காமிக்ஸ் சப்ளை பண்ற கிங் ஃபீச்சர்ஸ் கம்பெனிக்காரங்க இன்னொரு கதை கொடுங்கன்னு கேட்டிருக்காங்க. இவர் முதல்ல ஆர்தர் ராஜா கதையைக் கொண்டு போயிருக்காரு, வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் யோசிச்சதுதான் இது. 1936 பிப்ரவரி 17ஆம் தேதி அமெரிக்கப் பேப்பர்கள்ல தினம் ஒரு படக்கதைப் பட்டையா வர ஆரம்பிச்சது. அப்ப அவருக்கு 24 வயசு.

ஆரம்பிக்கும்போது அவர் மனசுல காடே இல்லைங்கிறதுதான் வேடிக்கை. ஜிம்மி வெல்ஸ்னு ஒரு பணக்கார வீட்டுச் சோம்பேறிப் பையன், பகல்ல பார்ட்டி, ராத்திரியில முகமூடின்னுதான் பிளான். முதல் கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே மனசு மாறி, அந்தப் பையனை அம்போன்னு விட்டுட்டு, கதையைக் காட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. பகல்ல பணக்காரன் ராத்திரியில முகமூடிங்கிற அந்த ஐடியா மூணு வருஷம் கழிச்சு பேட்மேன்ல வந்து உட்கார்ந்துச்சு, பார்த்தீங்களா! ஃபாக் தூக்கிப் போட்டதை யாராவது எடுத்தாங்களா இல்லை தானா தோணுச்சாங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரல.

கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாத பிள்ளைங்களுக்காகச் சொல்றேன். 1536ல ஒரு கப்பலைக் கடற்கொள்ளைக்காரங்க தாக்கி எல்லாரையும் கொன்னுடுறாங்க, ஒரே ஒரு பையன் மட்டும் கரை ஒதுங்குறான், பேண்டார்னு குள்ளமான காட்டு மக்கள் அவனைக் காப்பாத்துறாங்க. அப்பாவைக் கொன்னவனோட மண்டையோட்டு மேல கை வச்சு, நானும் என் வாரிசுகளும் அநியாயத்தை எதிர்ப்போம்னு சத்தியம் பண்றான். அப்பன் செத்தா மகன் அதே டிரெஸ்ஸைப் போட்டுக்குவான், அதனால வெளியில உள்ளவங்களுக்கு நானூறு வருஷமா ஒரே ஆளு சாகாம நடமாடுற மாதிரி தெரியும். நாம படிச்சது 21ஆவது ஆளோட கதை.

ஃபாக் இந்த மனுஷனை விடவே இல்லை, 1999 மார்ச்ல 87 வயசுல சாகுற வரைக்கும் எழுதினாரு. 63 வருஷம்! படம் போட்டவங்கதான் மாறிக்கிட்டே இருந்தாங்க. முதல்ல ரே மூர், இருட்டும் நிழலுமா அவ்வளவு அழகா இருக்கும். அப்புறம் வில்சன் மெக்காய், கை காலெல்லாம் மரப்பாச்சி மாதிரி இருக்கும்னு திட்டுறவங்களும் உண்டு, அதுக்காகவே உருகுறவங்களும் உண்டு. 1961ல இருந்து 1994 வரைக்கும் சை பேரி. நம்ம தலைமுறை மனசுல குதிரை மேல நிக்கிற வேதாளர் சை பேரி போட்டவருதான்.

கேள்வி: பறக்கத் தெரியாது, சுவத்தைத் துளைச்சுப் பார்க்கத் தெரியாது, ரெண்டு துப்பாக்கி வச்சிருக்காரு. இவர் எப்படி சார் சூப்பர் ஹீரோ? (கரூர், பத்தாம் வகுப்பு மாணவர்)

தம்பி, நல்ல கேள்வி. அவருக்கு எந்த சக்தியும் கிடையாது, குண்டு பட்டா ரத்தம் வரும், அவருக்கு முன்னாடி இருந்த 20 பேரும் செத்து அதே குகையிலதான் கல்லறையில கிடக்காங்க. அவரோட சக்தின்னா அது வதந்திதான். "இவன் சாகமாட்டான்"னு எதிராளி நம்புறான் பாரு, அந்த நம்பிக்கைதான். அடிக்கிறதுக்கு முன்னாடியே பாதிப் பேரு ஓடிருவான். நம்ம ஊர்ல சில சார்மார் பிரம்பை எடுக்கவே மாட்டாங்க, வராண்டாவுல செருப்புச் சத்தம் கேட்டாலே கிளாஸ் அடங்கிரும்ல, அதே டெக்னிக்.

ஆனா யூனிஃபார்ம் அவர்கிட்ட இருந்து வந்ததுப்பா. உடம்போட ஒட்டின டிரெஸ், மேல ஜட்டி, முகமூடிக்குள்ள கருவிழியே தெரியாத வெள்ளைக் கண்ணு, இதெல்லாம் சூப்பர்மேன் 1938ல வர்றதுக்கு முன்னாடியே இவர்கிட்ட இருக்கு. அந்த வெள்ளைக் கண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னா, பழைய கிரேக்கச் சிலைகள்ல கண்ணு வெறுமையா இருக்குமே, அதைப் பார்த்துதான்னு ஃபாக்கே சொல்லியிருக்காரு. இப்ப நீ பார்க்கிற முகமூடி ஹீரோக்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கண்ணுதான்.

கேள்வி: அவர் காடு இருக்கிறது ஆப்பிரிக்காவா இந்தியாவா? சிங்கமும் புலியும் ஒரே இடத்துல இருக்கே? (தஞ்சாவூர் வாசகர்)

ஆசிரியர் வேலை பார்த்தவருன்னு நினைக்கிறேன், சரியா பிடிச்சிட்டீங்க. ஆரம்பத்துல அது ஆசியாவுல, நம்ம பக்கத்துல எங்கயோதான் இருந்துச்சு. நாட்டுக்குப் பேரே வங்காளத்தை ஞாபகப்படுத்துற மாதிரி 'பெங்காலி'ன்னுதான் எழுதினாரு. கடற்கொள்ளைக் கூட்டத்துக்குப் பேரு 'சிங்' சகோதரர்கள். வருஷம் போகப்போக கதை மெல்ல நகர்ந்து நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிருச்சு, நாட்டு பேரும் 'பங்கல்லா'ன்னு ஆயிருச்சு. காட்டைத் தூக்கி இன்னொரு கண்டத்துல வச்சவரு புலியை மட்டும் இறக்கி விட மறந்துட்டாரு. ஈடன் தீவுன்னு ஒரு இடம் வரும், அங்க சிங்கம், புலி, மான் எல்லாம் ஒண்ணா விளையாடும், பசிச்சா மீன் சாப்பிடும். சைவம் பழகின சிங்கம் இல்லை, மீனுக்கு மாறின சிங்கம். வங்காளத்துக்காரங்களுக்கு ஏன் இவரை இவ்வளவு பிடிச்சுதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

இந்தியாவுல இதை எப்படி சமாளிச்சாங்கன்னு கேளுங்க, அது இன்னும் ருசி. 1964 மார்ச்ல டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 'இந்திரஜால் காமிக்ஸ்' ஆரம்பிச்சது, முதல் இதழே வேதாளரோட பெல்ட்டைப் பத்தின கதை. இங்கிலீஷ், இந்தி, வங்காளி, மராத்தின்னு பல மொழியில போட்டாங்க, தமிழ்லயும் கொஞ்ச காலம் வந்துச்சு. இப்ப பஞ்சாப்புல ஒரு பையன் புத்தகத்தைப் பிரிச்சா கொள்ளைக்காரன் பேரு சிங்னு இருந்தா எப்படி இருக்கும்? கல்கத்தாவுல பிரிச்சா காட்டுமிராண்டி நாட்டுக்குப் பேரு பெங்காலின்னு இருந்தா? அதனால சத்தமில்லாம 'சிங்'கை 'சிங்கா' ஆக்கினாங்க, 'பெங்காலி'யை 'டெங்காலி' ஆக்கினாங்க. ஒரே ஒரு எழுத்து! இன்னைக்கு ஒரு சினிமாவுக்கு இந்த மாதிரி பேர் பிரச்சினை வந்தா கோர்ட்டு, போராட்டம், பிரஸ் மீட்டுன்னு ஆறு மாசம் ஓடும், அப்ப எவனோ ஒரு எடிட்டர் டீ குடிச்சிக்கிட்டே ஒரு எழுத்தை மாத்தி முடிச்சிட்டான். இந்திரஜால் 1990ல நின்னுபோச்சு, டெங்காலின்னு சொன்னா கண்ணு கலங்குற ஆளுங்க இன்னும் இந்தியா பூரா இருக்காங்க. அமெரிக்காக்காரன்கிட்ட போய் டெங்காலின்னா அவனுக்கு ஒண்ணும் புரியாது.

கேள்வி: டிரெஸ் கலர் ஊதாவா, நீலமா? காட்டுல ஊதா கலர்ல ஒருத்தன் ஒளிஞ்சுக்க முடியுமா? (திருப்பூர் வாசகர்)

சாயப்பட்டறை ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! ஃபாக் மனசுல நினைச்சது சாம்பல் கலர். மூணு வருஷம் கறுப்பு வெள்ளையில வந்ததால யாருக்கும் பிரச்சினை இல்லை. 1939 மே மாசம் ஞாயித்துக்கிழமை கலர்ப் பக்கம் ஆரம்பிச்சப்ப பிரஸ்ல ஊதாவை அடிச்சு விட்டுட்டாங்க. அதுவே நிலைச்சுப்போச்சு. சுவீடன், நார்வே பக்கம் நீலம். இத்தாலி, பிரேசில், துருக்கியில சிவப்பு. ஒவ்வொரு ஊர் ரசிகனும் தன் ஊர் கலர்தான் ஒரிஜினல்னு சத்தியம் பண்ணுவான். ஒளியிறதைப் பத்திக் கேட்டீங்களே, நீங்க ஜட்டியைக் கவனிக்கல போல, அது வரி வரியா வேற இருக்கும்.

கேள்வி: இந்திரஜால் நின்னுபோச்சு சரி, வெளிநாட்டுல இன்னும் வருதா? யாரு படிக்கிறா? (பெங்களூர் தமிழ் வாசகி)

அமெரிக்காவுல பேப்பர்ல தினப் பட்டையா இன்னும் வருது, ஆனா அவரை அங்க யாரும் தூக்கி வச்சுக் கொண்டாடல. சொந்த ஊர்ல விலை போகாத சரக்கு. கொண்டாட்டமெல்லாம் வெளியூர்லதான். சுவீடன்ல 1950ல இருந்து அவர் பேர்லயே தனிப் பத்திரிகை, 'ஃபேன்டமென்'னு. அமெரிக்கக் கதை பத்தலைன்னு அறுபதுகள்ல இருந்து அவங்களே எழுதி வரைஞ்சுக்க ஆரம்பிச்சிட்டாங்க, இதுல அவங்களுக்கு ஒரு வசதி என்னன்னா, மொத்தம் 21 பேரு இருக்காங்கல்ல, பதினேழாம் நூற்றாண்டு வேதாளரை எடுத்து ஐரோப்பாவுல எந்தச் சண்டையில வேணும்னாலும் இறக்கி விடலாம். அப்படியே சரித்திரப் பாடமும் ஆச்சு. நம்ம ஊர்ல ஒருத்தர் சோழர் காலத்துல எட்டாவது வேதாளர் நாகப்பட்டினத்துல இறங்கினாருன்னு எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்! சோழர் காலம் முடிஞ்சுதான் முதல் வேதாளரே வர்றாரு, கணக்கு உதைக்குது, சரி நாயக்கர் காலம்னு வச்சுக்கோங்க.

ஆஸ்திரேலியா கதை இன்னும் விசேஷம். 1936ல, அமெரிக்காவுல வந்த அதே வருஷமே, அங்க ஒரு பெண்கள் பத்திரிகையில வர ஆரம்பிச்சது. சமையல் குறிப்புக்கும் பின்னல் வேலைக்கும் நடுவுல மண்டையோட்டு மோதிரம்! 1948ல சிட்னியில 'ஃப்ரூ'ன்னு ஒரு சின்னக் கம்பெனி, நாலு பார்ட்னரோட பேர்ல முதலெழுத்தைச் சேர்த்து வச்ச பேரு அது, வேதாளர் புத்தகம் போட ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் நிக்கல, இதழ் நம்பர் 1900ஐத் தாண்டிப் போயிட்டிருக்கு. அங்க தாத்தா வாங்கின நம்பருக்கு அடுத்த நம்பரைப் பேரன் வாங்குறான். ரசிகர்களுக்கு அங்க தனிப் பேரே உண்டு, ஃபேன்னு எழுதும்போது 'எஃப்' போடாம 'ஃபேன்டம்'ல வர்ற மாதிரி 'பி', 'ஹெச்' போட்டு எழுதுவாங்க, அதைப் பார்த்தா நம்மாளுன்னு அர்த்தம். சிட்னியில ஈஸ்டருக்கு நடக்கிற பெரிய பொருட்காட்சியில வேதாளர் பைன்னு ஒண்ணு விப்பாங்க, உள்ள காமிக்ஸ், மண்டையோட்டு மோதிரம்னு சாமான் இருக்கும், நம்ம ஊர் சித்திரைப் பொருட்காட்சியில டெல்லி அப்பளம் எப்படியோ அங்க அந்தப் பை.

ஆனா என்னை உலுக்கினது வேற இடம். பப்புவா நியூ கினியா, அங்க மேட்டு நிலத்துல வாகி பள்ளத்தாக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல வந்த சிப்பாய்ங்க கையோட காமிக்ஸும் அந்த நாட்டுக்கு வந்துச்சு. பின்னாடி அவங்க பேசுற டோக் பிசின் மொழியிலயே 'வான்டோக்'ங்கிற பேப்பர்ல வேதாளர் வந்தாரு. எண்பதுகள்ல அந்தப் பள்ளத்தாக்குல பழையபடி குலச்சண்டை கிளம்பிருச்சு, சண்டைக்குக் கேடயம் வேணும். ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தக் கேடயம். முன்னெல்லாம் அதுல அவங்க பரம்பரைக் கோலம்தான் வரைவாங்க, இந்தத் தடவை கடையில விக்கிற பெயிண்ட்டை வாங்கி நடுவுல வேதாளரை வரைஞ்சாங்க. முகமூடி, பெல்ட்டுல மண்டையோடு, கையில துப்பாக்கி, எல்லாம் அப்படியே. காரணம் ரொம்ப சிம்பிள்: அவன் சாகாதவன். எதிர்ல வர்றவன் அம்பு விடுறதுக்கு முன்னாடி சாகாதவன் முகத்தைப் பார்க்கணும். நான் மேல கரூர் தம்பிக்குச் சொன்னேனே வதந்திதான் பலம்னு, அதைப் புத்தகத்துல படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு நிஜச் சண்டைக்கு எடுத்துட்டுப் போனவங்க உலகத்துலயே இவங்கதான். அந்தக் கேடயங்கள் இப்ப மியூசியங்கள்ல இருக்கு. நான் ஒரு படத்துலதான் பார்த்தேன், வரைஞ்சவருக்கு மூக்கு சரியா வரல, ஆனா அந்த வெள்ளைக் கண்ணு அச்சு அசலா வந்திருக்கு.

கேள்வி: ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்க, கறுப்பு மக்கள் சுத்தி நின்னு கும்பிடுற கதையை இப்பவும் எப்படி ரசிக்கிறீங்க? (சென்னை, கல்லூரி மாணவி)

இந்தக் கேள்வி வரும்னு காத்துக்கிட்டுதான் இருந்தேன்மா, மழுப்பப் போறதில்லை. நீங்க சொல்றது முழுக்க சரி. 1930கள்ல எழுதின ஆளு, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் உலகத்தை எப்படிப் பார்த்தானோ அதெல்லாம் இதுலயும் இருக்கு. காட்டு மக்கள்னா பயந்தவங்க, வெகுளி, அவங்களுக்கு நியாயம் சொல்ல வெளியில இருந்து வந்தவனோட பரம்பரை வேணும். கெட்டவங்கன்னா ஆசியக் கொள்ளைக்காரங்க. இது தற்செயல் இல்லை.

ஃபாக் கொஞ்சம் திருந்தினாரு, அதையும் சொல்லணும். அறுபதுகள்ல ஆப்பிரிக்க நாடுகள் ஒண்ணொண்ணா விடுதலை ஆனப்ப பங்கல்லாவையும் சுதந்திர நாடாக்கி, லமாண்டா லுவாகான்னு ஒரு கறுப்பின டாக்டரை ஜனாதிபதி ஆக்கினாரு. பபாபுன்னு ஒரு சர்வாதிகாரத் தளபதியையும் எழுதினாரு. நல்ல பாத்திரம் அந்த லுவாகா. ஆனாலும் ஜனாதிபதிக்குச் சிக்கல்னா காட்டுல இருந்து முகமூடிதான் வரணும், அந்த அடிப்படை மாறவே இல்லை.

சின்ன வயசுல எனக்கு இது உறைச்சுதான்னா, இல்லை. சாத்தூர்ல கறுப்பா ஒல்லியா அரை டவுசர் போட்டுக்கிட்டுப் படிச்ச பய நானு, படத்துல இருக்கிறவங்கள்ல என்னை மாதிரி இருந்தது வேதாளரோட காட்டு நண்பன் குரனும் பேண்டார் ஆளுங்களும்தான், ஆனா நான் என்னைக்குமே குரனா நினைச்சுக்கிட்டதில்லை, குதிரை மேல இருந்தவனாத்தான் நினைச்சுக்கிட்டேன். விளையாடும்போது குரன் வேஷம் போட ஆள் கிடைக்காம எங்களுக்குள்ள சண்டையே வரும். அது எப்படி அப்படி ஆச்சுன்னு இப்ப யோசிச்சா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. புத்தகத்தை எரிக்க மாட்டேன், என் பேத்திக்குக் கொடுக்கும்போது பக்கத்துல உட்கார்ந்துக்குவேன்.

கேள்வி: டயானாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா இல்லையா? எங்க வீட்டுல இருந்த கதைகள்ல கடைசி வரைக்கும் காதலிச்சிக்கிட்டே இருந்தாரு. (மதுரை வாசகி)

பண்ணிக்கிட்டாரும்மா, 1977ல. 1936ல பார்த்த பொண்ணை 41 வருஷம் கழிச்சு! மாண்ட்ரேக் கல்யாணத்துக்கு வந்திருந்தாரு, ரெண்டு நாட்டு ஜனாதிபதிங்க வந்திருந்தாங்க. அப்புறம் ஆண் ஒண்ணு பொண்ணு ஒண்ணுன்னு இரட்டைப் பிள்ளைங்க, கிட், ஹெலோயிஸ். டயானா சும்மா வீட்டுல இருந்த பொண்ணு இல்லை, ஐ.நா.வுல வேலை பார்த்தாங்க. குகைக்கும் ஆபீஸுக்கும் அலைஞ்ச அந்தம்மாவைப் பத்தி ஒரு தனிப் புத்தகமே போடலாம்.

கேள்வி: மண்டையோட்டு மோதிரம் எந்தக் கையில? அது கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

வலது கையில மண்டையோடு, கெட்டவன் தாடையில குத்தினா அச்சு விழும், ஆயுசுக்கும் அழியாது. இடது கையில நாலு வாள் குறுக்க நெடுக்க வச்ச மாதிரி ஒரு நல்ல முத்திரை, அது இருந்தா அந்த ஆளு வேதாளரோட பாதுகாப்புல இருக்கான்னு அர்த்தம். நெஞ்சுக்குப் பக்கம் இருக்கிற கைங்கிறதால இடதுன்னு சொல்லுவாங்க.

கிடைக்குமான்னா, நாங்க செஞ்சுக்கிட்டோம். எங்க சித்தப்பா கணக்கு எழுதுற கடையில இருந்து பழைய பெரிய ரப்பர் ஒண்ணு, எங்கப்பா ஷேவ் பண்ணிட்டுப் போட்ட பிளேடுல பாதி. ரெண்டு கண்ணு, மூக்குக்கு ஒரு முக்கோணம், பல்லுக்கு நாலு கோடு. மண்டையோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதால நான் தப்பிச்சேன், அதே மாதிரி தன் பேரைச் செதுக்கின பயலுக்கு எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறி விழுந்துச்சு. அதை ஸ்டாம்ப் பேடுல அமுக்கி, தூங்கிக்கிட்டு இருந்த என் தம்பி தாடையில வச்சு ஒரே குத்து. மறுநாள் அவனுக்கு ஸ்கூல்ல குரூப் போட்டோ. தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம், சீயக்காய், கடைசியில மண்ணெண்ணெய் வரைக்கும் போட்டு எங்கம்மா தேய்ச்சு அவன் தாடை சிவந்ததுதான் மிச்சம், ஊதா போகல. அந்த போட்டோவுல மூணாவது வரிசையில இன்னைக்கும் இருக்கான், வேதாளர்கிட்ட அடி வாங்கின ஒரே சாத்தூர்க்காரன்.

கேள்வி: சினிமாவா வந்திருக்கா? பார்க்கலாமா? (சேலம் வாசகர்)

1943ல 15 பாகமா ஒரு தொடர்படம் வந்துச்சு. 1996ல பில்லி ஸேன் நடிச்ச படம், 45 மில்லியன் டாலர் செலவு பண்ணி அமெரிக்காவுல 17 மில்லியன்தான் வசூல். தீபாவளி சீட்டுல போட்டிருக்கலாம். குதிரைக்காக ஒரு தடவை பார்க்கலாம்.

கேள்வி: எங்க மாமனார் டிரங்குப் பெட்டியில பழைய முத்து காமிக்ஸும் இந்திரஜாலும் ஒரு கட்டு கிடைச்சிருக்கு. பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுரலாமா, இல்லை விலை போகுமா? (திருநெல்வேலி வாசகி)

அம்மா, தயவு செஞ்சு அந்தத் தராசுக்காரரை வாசல்லயே நிறுத்தி வைங்க!

விலை போகும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது, அது அட்டை இருக்கா, நடுப்பக்கம் இருக்கா, யாராவது மீசை வரைஞ்சிருக்காங்களாங்கிறதைப் பொறுத்தது. ஏன் இது அபூர்வமாச்சுன்னா, நாங்க எல்லாம் வச்சுக்கிட்ட ஆளுங்களே கிடையாது. எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி வாடகைக்குப் புத்தகம் விடுவாரு, ஒரு புத்தகம் பத்துப் பைசா, அங்கயே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சுக் கொடுத்துரணும், வீட்டுக்குன்னா பதினஞ்சு. கயிறு கட்டி அதுல கிளிப் போட்டுத் தொங்க விட்டிருப்பாரு. ஒரு புத்தகம் இருநூறு கை மாறும், எவனாவது கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு வச்சுக்குவான், ஒரு கட்டத்துல பேப்பர் விலைக்குப் போயிரும். எங்க பக்கம் அப்படிப் போன காகிதம் எங்க சேரும்னு உங்களுக்கே தெரியும், வெடிக்குச் சுத்தத்தான். ஒரு தீபாவளி மறுநாள் காலையில வாசல் கூட்டும்போது சிதறின வெடிக் காகிதத்துல பாதிக் குதிரை கிடந்துச்சு, முன்னங்கால் ரெண்டும் தலையும். நான் அதைப் பொறுக்கி கணக்கு நோட்டுல ரொம்ப நாள் வச்சிருந்தேன்.

அதனால கட்டைப் பிரிக்கும்போது மெதுவா பிரிங்க. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, ரெண்டு வருஷத்துல மஞ்சளாகி பேப்பரையும் சேர்த்துத் தின்னுரும். துருப்பிடிச்ச பின் இருந்தா பிடுங்காதீங்க, ஊக்கு முனையால மெல்ல நிமித்தி எடுங்க. மொட்டை மாடி வெயில்ல காயப் போடாதீங்க, நிழல்ல காத்தாட ஒரு நாள் வைங்க போதும். மாமனார் இருந்தா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்துருங்க, அவர் சும்மா பெட்டியில வச்சிருக்க மாட்டாரு.

அப்புறம் ஒரு சுயநலம். அந்த அண்ணாச்சி கடையில நான் படிச்ச ஒரு வேதாளர் கதை, அட்டை கிடையாது, அதனால பேரும் தெரியாது. வேதாளர் காயம் பட்டு குகைக்குள்ள கிடப்பாரு, குரன் பச்சிலை அரைச்சுக்கிட்டு இருப்பான், வெளியில ஒருத்தன் தீப்பந்தத்தோட வந்து நிப்பான். அதுக்கு அடுத்த பக்கம் இல்லை. நாப்பத்தஞ்சு வருஷமா அந்தாளு தீப்பந்தத்தோட அங்கயே நிக்கிறான். உங்க கட்டுல இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து நம்ம பத்திரிகை விலாசத்துக்கு அனுப்புங்கம்மா.